லப்டொப்பை ஆர் திறக்கிறது?

கேமிங் லப்டொப் வாங்கப் போறம் எண்டு வீட்டில சொன்னால் வாற முதல் கேள்வி, "உது விளையாடவோ?" ஓம், விளையாடவும்தான். ஆனால் வீடியோ எடிட் பண்ணுகிறவர்கள், முப்பரிமாண டிசைன் செய்கிறவர்கள், வீட்டுப் பிளான் கீறுகிறவர்கள் எல்லாரும் கேமிங் லப்டொப்பைத் தேடுவதற்கு விளையாட்டு மட்டும் காரணமில்லை. தனியான கிராபிக்ஸ் சிப், கொஞ்சம் பெரிய விசிறிகள், பிறகு ஒரு காலத்தில் றாம் கூட்டிக்கொள்ள ஒரு வெறும் ஸ்லொட். இந்த மூன்றும் ஓரளவு கட்டுப்படியான விலையில் ஒன்றாகக் கிடைப்பது அதில்தான்.

நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் பெட்டையள். திருநெல்வேலியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கலியாண வீடு, சாமத்திய வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எண்டு ஆர் கமரா பிடிச்சாலும், வெட்டி ஒட்டுகிற வேலையில் கொஞ்சம் எங்களிட்ட வரும். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மெசின். அதை 2022 கடைசியில் செக்கன்ட் ஹான்டாக வாங்கினோம். அந்த வருசத்தை இங்கே ஆருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயை மிதக்க விட்டது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாய்க்கு வந்து நின்றது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டினார்கள். புது லப்டொப் எண்ட கதையையே நாங்கள் கதைக்கவில்லை.

வாங்கினது 2019 ஆம் ஆண்டு மொடல். இன்டெல் ஐ5-9300எச் புறொசெசர், 4 ஜிபி நினைவகத்தோடு ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ், 8 ஜிபி றாம், 1 டெராபைட் ஹாட் டிஸ்க். பெயரளவில் குறையில்லை. ஆனால் 2024 அளவில் அதைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைத்துக் குடித்து முடித்த பிறகுதான் வேலை செய்யக் கூடியதாக இருந்தது. ஒரு மணித்தியாலக் கலியாண வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ண விட்டால் விசிறிச் சத்தம் கீழ்வீட்டு அன்ரிக்கும் கேட்கும். இரண்டு பேர் சேர்ந்து கேம் விளையாடுவம் எண்டு போட்டால் பத்தாவது நிமிசத்தில் படம் விக்கி விக்கி ஓடும்.

ஏன் இப்படி என்று முதலில் பார்த்தோம். எச்.டபிள்யூ.இன்ஃபோ எண்டு ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. உள்ளுக்குள்ள என்ன சூடு, என்ன வேகம் என்பதை அது வரிசையாகக் காட்டும். எக்ஸ்போர்ட் நடக்கும்போது புறொசெசர் 97 பாகையில் நின்றது. இந்தப் புறொசெசரின் எல்லை 100 பாகை. அதைத் தொடப்போகும்போது சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். 4.1 கிகாஹேர்ட்ஸ் வரை ஏறக்கூடிய சிப், எங்கட மேசையில் 2.3 இல் தவண்டுகொண்டிருந்தது. காசு குடுத்து வாங்கின வேகத்தில் பாதியைச் சூடு தின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது பிரச்சினை ஹாட் டிஸ்க். அது நிமிடத்துக்கு 5400 தரம் சுழலுகிற தட்டு. நல்லா ஓடினாலும் செக்கனுக்கு 100 மெகாபைட் சொச்சம்தான் வாசிக்கும். சின்னச் சின்னக் கோப்புகள் எண்டால் இன்னும் மோசம். மூன்றாவது, 8 ஜிபி றாம் ஒற்றைத் துண்டாக இருந்தது. டாஸ்க் மனேஜரில் "இரண்டு ஸ்லொட்டில் ஒன்று பாவனையில்" என்று காட்டியது. அதாவது மற்ற ஸ்லொட் வெறுமையாகக் கிடந்தது.

மூன்றுக்கும் மருந்து இருக்கிறது. தூசு தட்டி தேர்மல் பேஸ்ட் மாத்துறது, எஸ்எஸ்டி போடுறது, றாம் கூட்டுறது. கடையில் குடுத்தால் அரை நாள் வேலை. அப்ப ஏன் குடுக்கவில்லை?

குடுக்கத்தான் போனோம். மேசைக்கு மேல ஏழெட்டு லப்டொப் அடுக்கி இருந்தது. ஒவ்வொன்றின்ட மூடியிலும் ஒரு கடதாசி ஒட்டி இருந்தது. பெயர், போன் நம்பர், அதுக்குக் கீழ பாஸ்வேர்ட். ஒரு பிள்ளையின் பெயரும் பிறந்த வருசமும் சேர்ந்த பாஸ்வேர்ட் ஒன்றை எங்களால் நின்ற இடத்திலிருந்தே வாசிக்கக் கூடியதாக இருந்தது. "விட்டிட்டுப் போங்கோ தங்கச்சி, நாளைக்குப் பின்னேரம் வாங்கோ" எண்டார் அங்கே நின்றவர். பக்கத்தில் நின்று பார்க்கலாமோ எண்டு கேட்டோம். "அது உங்களுக்கு விளங்காது. வேணுமெண்டா அண்ணா ஆரையும் அனுப்புங்கோ, அவருக்குச் சொல்லுறன்." கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்கள் லப்டொப்பைத் திருப்பி பாக்குக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அந்த ஹாட் டிஸ்க்கில் என்ன இருந்தது? எங்கட வேலை இருந்தது. அதோடு மூன்று பேரின்ட போட்டோக்கள், போனிலிருந்து இறக்கி வைத்த குரல் பதிவுகள், பல்கலைக்கழக விண்ணப்பங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், வங்கிப் புத்தகத்தின் ஸ்கேன், எங்கட சிநேகிதியொருத்தி தன்ர வீட்டில் வைத்திருக்கப் பயந்து எங்களிட்டத் தந்த சில கடிதங்கள். மற்றது, எங்களை நம்பி வீடியோ தந்த குடும்பங்களின் சாமத்தியச் சடங்குப் பதிவுகள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். அதை மூடியில் பாஸ்வேர்ட் எழுதி, முன்பின் தெரியாத ஒரு மேசையில் ஒரு இரவு விட்டுவிட்டு வர எங்களால் முடியவில்லை.

திருத்துகிற எல்லாரும் டிஸ்க்கைத் துழாவுகிறார்கள் எண்டு நாங்கள் சொல்லவரவில்லை. நேர்மையாக வேலை செய்கிற எத்தனையோ பேரை எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு படம் வெளியில போனால் இங்கே ஆரின்ட தலை குனியும் எண்டு எல்லாருக்கும் தெரியும். சட்டம் இல்லாமல் இல்லை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் ஒருவரின் கணினிக்குள் நுழைவதே குற்றம். ஆனால் பாஸ்வேர்டை எழுதிக் குடுத்தது நீதானே எண்டு முதல் கேள்வி வரும். அடுத்த கேள்வி, அப்படியான படத்தை ஏன் வைச்சிருந்தனி. சட்டம் பக்கத்தில் நின்றாலும் பொலிசுக்குப் போகிற பாதை நீளம்.

ஆகவே எங்களுக்கு லப்டொப்பைத் திறப்பது வேகத்தைப் பற்றிய விசயமாகத் தொடங்கி, வேற ஒன்றாக மாறியது. உள்ளுக்குள்ள இருக்கிற டிஸ்க்கை எங்கட கையாலேயே கழற்றத் தெரிந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதுக்குப் பிறகு.

பழகினது இணையத்தில்தான். எங்கட மொடலின் சேர்விஸ் மனுவல் கிடைத்தது. ஹிந்தியில் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு, தமிழ்நாட்டுத் தமிழில் ஒன்று என நாலு வீடியோ பார்த்தோம். ஆனால் உண்மையான பாடத்தை எங்களில் ஒருத்தியின் அம்மாவிடம் கற்றோம். அவர் முப்பது வருசமாகத் தையல். ஆறு மாதத்துக்கு ஒருக்கா தையல் மெசினைக் கவிழ்த்து, பொபின் பெட்டியைக் கழற்றி, பஞ்சும் நூலும் எடுத்து, எண்ணெய் விட்டுத் திரும்பப் பூட்டுவார். ஒரு பேப்பரை விரித்து, கழற்றின வரிசையில் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றையும் வைப்பார். பூட்டும்போது வலமிருந்து இடம். அவ்வளவுதான் அவரின் முறை. அந்த வேலையை ஆரும் ரெக்னிக்கல் வேலை எண்டு சொன்னதில்லை. வீட்டு வேலை எண்டுதான் சொன்னார்கள்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் கறண்ட் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டதும், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினதும் எல்லா வீட்டிலும் சொல்லுகிற கதை. அந்தக் கதைகளில் மூளை எப்பவும் மாமாமாருடையதாக இருக்கும். அம்மாவிடம் கேட்டோம். "வயர் குடுத்தது மாமாதான். செய்தி முடியுமட்டும் பெடலைச் சுத்தினது நான். வயர் அறுந்தா முடிஞ்சதும் நான்" எண்டார்.

சாமான் வாங்குவதற்கு முதல் மூன்று விசயம் உறுதிப்படுத்தினோம். றாம் என்ன வகை? எங்களுடையது லப்டொப்புக்கான டிடிஆர்4. அதற்கு 260 கால்கள். பழைய டிடிஆர்3 க்கு 204, புதிய டிடிஆர்5 க்கு 262. வெட்டு இருக்கிற இடமும் வேற. ஒன்று மற்றதுக்குள் ஏறாது. வேகம் 2666. கடையில் 3200 துண்டுதான் கிடைத்தாலும் பயமில்லை, அது இறங்கி 2666 இல் ஓடும். எஸ்எஸ்டிக்கு, போர்ட்டில் எம்.2 ஸ்லொட் இருக்கிறதா, அது சாட்டா வகையை மட்டும் ஏற்குமா, என்விஎம்இ வகையையும் ஏற்குமா என்று மனுவலில் பார்த்தோம். சாட்டா எண்டால் செக்கனுக்கு 550 மெகாபைட் அளவோடு நின்றுவிடும். மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3500 வரை போகும். அளவு 2280, அதாவது 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம்.

8 ஜிபி றாம் ஒன்று, 500 ஜிபி என்விஎம்இ ஒன்று, சின்னக் குழாயில் தேர்மல் பேஸ்ட், ஒரு போத்தல் ஐசோபுறோப்பைல் அல்ககோல், நுனி சின்னனான நட்சத்திர ஸ்குறூட்றைவர். எல்லாம் சேர்த்து 26,000 ரூபாய்க்குள் முடிந்தது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை கேட்டு, தெரிந்த பிள்ளையொன்று வாங்கி, இரவு பஸ்ஸில் போட்டு விட்டது. அந்த வருசம் ஜனவரியில் வற் 18 வீதமாகக் கூடியிருந்ததையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

திறப்பதற்கு முதல் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்தோம். விண்டோஸில் டிஸ்க் பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கவேணும். பிற்லொக்கர் போட்டிருந்தால், உள்ளுக்குள்ள சாமான் மாற்றினபிறகு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அதை முதலே எழுதி வைக்காமல் தொடங்கவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலமை, மாபிள் தரையில் இருந்தோம். கம்பளம், பாய் ஒன்றும் இல்லை. உடம்பில் சேருகிற நிலைமின் சிப்பைக் கொல்லும் என்பதால் ஒவ்வொரு தரமும் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைத்தோம். லப்டொப்பை முழுசாக நிப்பாட்டி, சார்ஜரைக் கழற்றி, கவிழ்த்து வைத்தோம். அம்மாவின் முறைப்படி வெள்ளைத் தாளில் லப்டொப்பின் அடிப்பக்கத்தைக் கீறி, ஒவ்வொரு ஸ்குறூவையும் அது வந்த இடத்திலேயே டேப்பால் ஒட்டினோம். இது முக்கியம். ஸ்குறூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் அது போர்ட்டைக் குத்தும்.

ஸ்குறூ கழன்றாலும் மூடி உடனே வராது. ஓரம் முழுக்கப் பிளாஸ்ரிக் கொளுக்கிகள். அதுக்குக் கத்தியோ இரும்போ விடக்கூடாது. காலாவதியான ஏடிஎம் காட்டை இடுக்கில் விட்டு மெதுவாக நகர்த்தினோம். ஒவ்வொரு கொளுக்கியும் "டக்" எண்டு விடும்போது மூன்று பேரின்ட நெஞ்சும் டக் எண்டது. அது உடைகிற சத்தமில்லை, விடுகிற சத்தம் எண்டு நாலாவது ஐந்தாவதில்தான் காது பழகியது.

உள்ளே பார்த்தவுடன் செய்கிற முதல் வேலை, பற்றறியின் கனெக்டரைக் கழற்றுவது. வயரில் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் இரண்டு பக்கத்தையும் நகத்தால் தள்ளினோம். பிறகு பவர் பட்டனைப் பதினைந்து செக்கன் அழுத்திப் பிடித்து மிச்சக் கறண்ட்டையும் வடிய விட்டோம். இவ்வளவும் செய்யாமல் வேற ஒன்றையும் தொடக்கூடாது.

பிறகு விசிறி. விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலம். மண் தூசு, பஞ்சு, அதோடு எங்கட தலைமயிர். மூன்று பேரின்ட நீளத் தலைமயிரும் சுருண்டு காத்துப் போகிற வழியை அடைத்திருந்தது. குறட்டால் எடுத்து, தூரிகையால் தட்டினோம். காத்து ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; சும்மா சுழலவிட்டால் அது மின்னை உண்டாக்கும், அச்சும் பழுதாகும்.

விசிறிக்கு அடுத்தது செப்புக் குழாய்ப் பகுதி. அதைப் பிடித்திருக்கும் ஸ்குறூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று இலக்கம் அடித்திருக்கும். அந்த ஒழுங்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். அடியில் பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரிப் பொருக்காகிக் கிடந்தது. சிப்பும் செப்பும் கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்தாலும் மேற்பரப்பில் நுண்ணிய பள்ளங்கள் இருக்கும்; அவற்றில் காத்து நின்றால் சூடு கடக்காது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பேஸ்ட். காய்ந்தால் நிரப்பாது. அல்ககோலில் துணி தொட்டுத் துடைத்து, சிப்பின் நடுவில் ஒரு பயறளவு புதுப் பேஸ்ட் வைத்து, ஒன்றுக்கொன்று எதிரான ஸ்குறூக்களாக மாறி மாறி முறுக்கினோம். கிராபிக்ஸ் நினைவகத்துக்கு மேல இருந்த மெதுவான பாட்கள் கிழியாமல் இருந்ததால் அவற்றைத் தொடவில்லை.

இதுக்குப் பிறகு றாமும் எஸ்எஸ்டியும் குழந்தைப் பிள்ளை வேலை. றாமைச் சரிவாகச் செருகி, கீழ நோக்கி அமத்த, இரண்டு பக்கக் கொளுக்கியும் பிடித்துக்கொள்ளும். எஸ்எஸ்டியும் அப்படித்தான், கடைசியில் ஒரே ஒரு ஸ்குறூ. அந்த ஒரு ஸ்குறூவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தோம். எங்கட வாழ்க்கை முழுக்கப் பதிந்து கிடக்கிற ஒரு சாமானை வெளியே எடுக்க இவ்வளவுதானா வேண்டியிருந்தது? பழைய ஹாட் டிஸ்க்குக்கும் அப்படித்தான்: நாலு ஸ்குறூ, ஒரு கேபிள்.

மூடிப் பூட்டி, பவரை அழுத்தினோம். திரை கறுப்பு. விசிறி சுத்துது, திரை வரவில்லை. புது றாமை முதல் தரம் அடையாளம் காண மெசினுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும் எண்டு வாசித்திருந்தோம். வாசித்தது வேறு, இருந்து பார்க்கிறது வேறு. ஒரு நிமிசம் போல. பிறகு கம்பனியின் சின்னம் வந்தது. பயோஸில் 16 ஜிபி எண்டு காட்டியது. ஒருத்தி கை தட்ட, கீழ்வீட்டு அன்ரி என்ன பிள்ளையள் எண்டு கேட்டா.

விண்டோஸைப் புதிதாகவே போட்டோம். 8 ஜிபி யூஎஸ்பி ஒன்று போதும். உரிமம் மதர்போர்ட்டோடு இணைந்திருப்பதால் டிஸ்க் மாறினாலும் இணையத்தில் சேர்ந்தவுடன் தானாகச் செயற்பட்டது.

என்ன மாறியது? பவரை அழுத்தி வேலை தொடங்க இப்ப இருபது செக்கனுக்குள். எக்ஸ்போர்ட்டில் சூடு 97 இலிருந்து 84 க்கு இறங்கியது, வேகம் 3.4 க்கு மேல நிற்கிறது. முந்தி ஐம்பது நிமிசம் எடுத்த வீடியோ முப்பத்திரண்டு நிமிசத்தில் முடிந்தது. றாம் இரண்டு துண்டானதால், ஒரு வாசல் மட்டும் திறந்திருந்த கோயிலில் இரண்டாவது வாசலையும் திறந்துவிட்ட மாதிரி. செக்கனுக்கு 21 ஜிகாபைட்டாக இருந்த பாதை கணக்குப்படி 42 ஆகிறது.

மாறாதது என்ன? கிராபிக்ஸ். அது போர்ட்டிலேயே ஒட்டி வந்தது; மாற்றேலாது. 4 ஜிபி நினைவகம் கேட்கிற இடத்தில் 6, 8 கேட்கிற புது கேம்கள் எங்களிடம் முன்னையப் போலவே முக்கும். "றாம் போட்டா கேம் பறக்கும்" எண்டு ஆரும் சொன்னால் நம்பவேண்டாம். விக்கல் நின்றது, அவ்வளவுதான். அதுவே எங்களுக்குப் பெரிய விசயம்.

கழற்றின பழைய டிஸ்க்கை விற்கவில்லை. அழித்துவிட்டு விற்கலாம்தானே எண்டு கேட்பீர்கள். கோப்பை அழித்து, குப்பைக் கூடையை வெறுமையாக்கினாலும் ஹாட் டிஸ்க்கில் தரவு போய்விடாது. "இந்த இடம் இனி எழுதலாம்" எண்டு ஒரு குறி மட்டும்தான் விழும். இலவச மென்பொருளாலேயே திருப்பி எடுக்கலாம். முழு டிஸ்க்குக்கும் மேல ஒருதரம் எழுதினால்தான் உண்மையில் அழியும். நாங்கள் அப்படி எழுதி, ஒரு பெட்டி வாங்கி, பூட்டுப் போட்டு, வாடிக்கையாளர்களின் வீடியோக்களுக்குப் பின்பிரதியாக வைத்திருக்கிறோம்.

ஒரு மாதம் கழித்து, பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு அக்கா லப்டொப் ஒன்று கொண்டுவந்தா. எட்டு மாதமாக அலுமாரிக்குள் இருந்ததாம். விசிறி சத்தம் போட்டு நின்றுபோன மெசின். ஏன் அக்கா கடையில குடுக்கேல்லை எண்டு கேட்டோம். "குடுக்க மனம் வரேல்ல" எண்டு மட்டும் சொன்னா. மேலே கேட்கவில்லை. எட்டு மாதமாக அவ ஒன்லைன் வகுப்பைப் போனிலேயே செய்திருக்கிறா. சரி செய்யக் கூடிய ஒரு சாமான், சரி செய்யப் பயந்ததால் அலுமாரியில் கிடந்தது. எங்கட லப்டொப்பும் அப்படித்தான் போயிருக்கும்.

அண்டைக்கு ஒரு ஒழுங்கு வைத்தோம். ஆரின்ட லப்டொப்பைத் திறந்தாலும் அவர் பக்கத்தில் இருக்கவேணும். பாஸ்வேர்ட் கேட்பதில்லை. மூடி கழன்று பற்றறி கழன்றவுடன் அடுத்ததாக டிஸ்க்கைக் கழற்றி, உரியவரின் கையில் குடுப்போம். மிச்ச வேலை அதுக்குப் பிறகு. அந்த அக்கா அன்றைக்கு முழு நேரமும் அந்தச் சின்னத் துண்டைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தா. விசிறி மாற்றி முடிந்ததும், "நான் போடட்டோ?" எண்டு கேட்டு, தானே திருப்பிச் செருகி ஸ்குறூவை முறுக்கினா.

நீங்கள் எல்லாம் கழற்றிப் பூட்டவேணும் எண்டில்லை. பேஸ்ட் மாற்ற விருப்பமில்லையெண்டால் விடுங்கோ. ஆனால் கடைக்குக் கொண்டுபோகமுதல் டிஸ்க்கை எடுக்கப் பழகுங்கோ. விசிறி, கீபோர்ட், திரை, சார்ஜ் துவாரம் திருத்த உங்கட டிஸ்க் தேவையில்லை. வாரன்ரி இருக்கிற மெசின் எண்டால் திறக்கலாமோ எண்டு முதலில் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கோ. "ஸ்ரிக்கர் கிழிந்தால் வாரன்ரி இல்லை" எண்டு மிரட்டுவது எல்லா நாட்டிலும் செல்லாது. அமெரிக்காவில் 2018 இல் வர்த்தக ஆணைக்குழு அப்படிச் சொன்ன ஆறு கம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. இப்ப வருகிற மெல்லிய லப்டொப்கள் பலவற்றில் றாமைப் போர்ட்டோடு ஒட்டியே விடுகிறார்கள். வாங்குகிற நாளில் 8 எண்டால் கடைசி வரைக்கும் 8. சிலதில் டிஸ்க்கும் ஒட்டித்தான். 2025 கடைசியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களுக்கு நினைவகச் சிப்கள் போவதால் றாம் விலை ஏறிப்போய் நிற்கிறது. மைக்ரோன் கம்பனி அந்த டிசம்பரில், குரூசியல் பெயரில் எங்களைப் போன்ற ஆக்களுக்கு விற்பதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. விலை ஏறின நேரத்தில் 32 ஜிபியை ஒரேயடியாக வாங்க எல்லாராலும் முடியாது. அப்படியான நேரத்தில்தான் ஒரு வெறும் ஸ்லொட்டின் பெறுமதி தெரியும்: இண்டைக்கு 8, காசு வரேக்க இன்னொரு 8.

ஆகவே கடையில் நிறத்தையும் கீபோர்ட் வெளிச்சத்தையும் பார்த்த பிறகு மூன்று கேள்வி கேளுங்கோ. றாம் ஒட்டினதோ, ஸ்லொட்டோ? இரண்டாவது ஸ்லொட் வெறுமையோ? டிஸ்க்கைக் கழற்றலாமோ? "அது உங்களுக்கு விளங்காது தங்கச்சி" எண்டு பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கோ. திறக்கேக்க பக்கத்தில இருக்க ஆள் வேணுமெண்டால் நாங்கள் இருக்கிறம். ஞாயிற்றுக்கிழமை காலமையில் வாங்கோ, தலைமயிரைக் கட்டிக்கொண்டு.